கழுவி வைத்த மண்டபம்

நவம்பர் 17, வியாழன்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறதாம். வருஷம் முழுக்கச் சும்மா கிடந்த கடலுக்கு, என் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் உருவாகத் தோன்றியிருக்கிறது.

இந்த டைரியை உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்தார். இதுவரை இதில் கோலம்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போலிருந்தது. வீட்டில் கேட்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை தாமரைச்செல்விக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை கவியரசன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். மாதக் கடைசியில் லீவு முடிகிறது. இரண்டு ஜாதகத்துக்கும் ஒத்து வருவது இந்த ஒரு நாள்தான். இதை விட்டால் அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. இதையெல்லாம் கடலுக்கு யார் எடுத்துச் சொல்வது?

என் வீட்டுக்காரருக்கு இது ஒன்றும் உறைக்கவில்லை. மத்தியானம் முழுக்கச் செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். யூடியூபில் வானிலை சொல்கிற பையன்கள் கடல் படத்தில் வட்டம் வட்டமாகக் கோடு போடுகிறார்கள். இவர் அதற்கு "ஆகா" என்கிறார். பந்தல்காரருக்கு இன்னும் ஒரு போன் பண்ணவில்லை.

நவம்பர் 18, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் முட்டை வரவில்லை. நான் சத்துணவு அமைப்பாளர் என்பதால் பிள்ளைகள் முட்டைக்கு என் முகத்தைத்தான் பார்க்கின்றன. நான் என்ன, உட்கார்ந்து அடைகாக்கவா முடியும்? வேம்புதான் கொண்டைக்கடலையைக் கூடுதலாகப் போட்டுச் சமாளித்தாள்.

வேம்பு எனக்குச் சமையல் உதவியாள். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கூடவே இருக்கிறாள். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். அவள் மகள் செல்வராணி பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அப்படியும் ஒரு நாள் லீவு கேட்கவில்லை. "ஒங்க வூட்டுக் கல்யாணத்துக்குச் சேத்துப் போட்டுக்குறேம்மா" என்கிறாள்.

சாயங்காலம் மண்டபத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மண்டபம் என்றால் வேறொன்றுமில்லை, புயல் கட்டடம்தான். புயல் வந்தால் சனங்கள் தங்குவதற்கென்று அரசாங்கம் தூண் போட்டு உயரத்தில் கட்டிக் கொடுத்தது. எங்கள் ஆவுடையான்புலத்தில் இதைவிட்டால் வேறு பெரிய கூடம் இல்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அந்தக் கட்டடத்தில் புயலைத் தவிர எல்லாம் நடந்திருக்கிறது. "புயல் பாதுகாப்பு மையம்" என்கிற பலகையை மறைத்து மணமக்கள் பேனரைக் கட்டுவதற்கென்றே இரண்டு கொக்கி அடித்து வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 19, சனி

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது. மன்னார்குடியிலிருந்து சம்பந்தி போன் பண்ணினார். பெயர் தட்சிணாமூர்த்தி. பெயர்தான் மௌன குருவுடையது.

"சம்பந்தியம்மா, டி.வி. பாத்தீங்களா? ஒங்க பக்கமாத்தான் வருதுங்கிறான்."

"அதெல்லாம் திரும்பிடுங்க. வருஷா வருஷம் இப்படித்தான் பயம் காட்டும்."

"திரும்பாட்டி? நான் எம்பது பேர அழைச்சுக்கிட்டு வர்றவன். நடுரோட்டுல நிக்க முடியாது பாருங்க."

நான் பொறுமையாகத்தான் பேசினேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அடுப்படியில் இருந்த பாத்திரங்கள் கேட்டுக்கொண்டன.

இவரிடம் போய், "இது திரும்புமா, திரும்பாதா? இத்தனை நாள் பாக்குறீங்களே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

"கடல் இன்னும் சூடா இருக்கு கமலா. கீழ அடுப்பு எரியற வரைக்கும் பால் பொங்கத்தான் செய்யும்" என்றார். வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு சொல்கிற பதிலா இது?

நவம்பர் 20, ஞாயிறு

புயலாகிவிட்டது. பெயரும் வைத்துவிட்டார்களாம். எந்த நாட்டுக்காரன் வைத்தானோ, என் வாயில் நுழையவில்லை. நான் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுத முடியாது.

நவம்பர் 21, திங்கள்

தீவிரப் புயல்.

காலையிலேயே இவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளைச் சுழலுக்கு நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. "கண்ணு தெறந்துருச்சு பாத்தியா? வலு ஏறுனாத்தான் கண்ணு தெறக்கும். அதச் சுத்தி இருக்குற வளையத்துலதான் காத்து பேயாட்டம் ஆடும்" என்றார். அவருக்குத் தென்னை ஞாபகம். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த பெரும்புயல் ஒரே ராத்திரியில் எங்கள் தோப்பைப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிவிட்டுப் போனது. இந்த ஊரில் மரம் விழாத வீடு இல்லை. அன்றிலிருந்து இங்கே எல்லோருக்கும் புயல் என்றால் காற்றுதான். வானத்தைப் பார்க்க மாட்டார்கள், தென்னங்கீற்றைத்தான் பார்ப்பார்கள்.

மத்தியானம் தண்டோரா. தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் எல்லாம் பாதுகாப்பு மையத்துக்கு வர வேண்டுமாம். பாதுகாப்பு மையம் எது? என் மகள் கல்யாண மண்டபம். சமைத்துப் போடுவது யார்? சத்துணவு அமைப்பாளர். அதாவது நான், என் மகளுக்கு மணவறை போட வேண்டிய இடத்தில், ஊருக்கு உப்புமா கிண்ட வேண்டும். வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் கிண்டினேன். நன்றாகவே கிண்டினேன். என் பேரில் குறை வரக் கூடாது.

வடிகால் ஓரத்துக் கீழத்தெரு முழுக்க வந்துவிட்டது. ஆடு, கோழி, டி.வி. பெட்டி, மூட்டை முடிச்சு எல்லாம். மணவறைக்கு வந்து இறங்கியிருந்த சட்டத்தில் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கண் இருண்டது. வேம்பு ஓடிவந்து எடுத்துவிட்டாள். அவளும் குடும்பத்தோடு வந்திருந்தாள். புருஷன் மாசிலாமணி உப்பளத்தில் வேலை பார்க்கிறவன். மூலையில் ஒரு புடவையை மறைப்பாகக் கட்டி, அதற்குள் செல்வராணியும் குழந்தையும். தாமரை அந்த மறைப்புக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. மூன்று நாளில் மணையில் உட்காரப் போகிற பெண், தீட்டு வீட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஈ ஓட்டுகிறது.

சம்பந்தி மறுபடி போன். "மண்டபம் பூரா சனமாமே? எங்க ஆளுங்க எங்க தங்குறது, எங்க சாப்புடுறது? புதன்கிழமைக்குள்ள மண்டபம் காலியாவலன்னா இங்க மன்னார்குடியிலயே வச்சுக்குவோம். இல்லாட்டி அடுத்த லீவுல பாத்துக்குவோம்."

பெண் வீட்டில் நடக்க வேண்டிய கல்யாணத்தை, பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நடத்துவதா? அடுத்த லீவாம். அதற்குள் என்னென்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாதா? டி.வி.யில் புயல் ஒரு படி ஏறினால் இந்த மனிதர் ஒரு படி இறங்குகிறார். புயலைக்கூட நம்பலாம் போலிருக்கிறது.

நவம்பர் 22, செவ்வாய்

சாமி கண் திறந்துவிட்டது. புயலின் கண் மூடிவிட்டது.

காலையில் டி.வி.யில் சொன்னான். தீவிரப் புயல், புயலாக வலுவிழந்ததாம். கரையை நெருங்கும்போது தாழ்வு மண்டலமாக மேலும் வலுவிழக்குமாம். நான் டி.வி.க்கு முன்னாலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்து பார்த்தால் தென்னங்கீற்று சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஊரே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது.

இவர் மட்டும் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "தரையிலேர்ந்து காஞ்ச காத்து உள்ள பூந்துருச்சு கமலா. மேல அடிக்கிற காத்து வேற மேகத்த ஒரு பக்கமாத் தள்ளுது. அதான் உருக்குலைஞ்சு போச்சு. தென்ன தப்பிச்சுது."

"அப்பாடா."

"ஆனா, சுருண்டு கெடந்ததெல்லாம் இப்ப விரியுது பாரு. அதுவும் வடக்குப் பக்கமா. நாம அதுக்கு வடக்கதான இருக்கோம்? நடை வேற கொறைஞ்சுபோச்சு. ஆள் நடக்குற வேகம்கூட இல்ல. நின்னு பெய்யும்போல இருக்கு."

"பெய்யட்டும். பந்தலுக்குத் தகரம் போட்டாச்சு."

"கடல் காத்து இந்தப் பக்கமாத் தள்ளிக்கிட்டே இருந்தா வடிகால்ல தண்ணி எறங்காதே..."

"வாய மூடுறீங்களா?" என்றேன். போன வருஷம் இவர் வரும் என்று சொன்ன மூன்று புயலும் வரவில்லை. இவர் பேச்சை நம்பி அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டவள் நான். அவரும் பெரும்புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகளைத் தடவிப் பார்க்கப் போய்விட்டார்.

மத்தியானம் ஊராட்சித் தலைவர் சிங்காரவேலு வந்தார். இவருக்குப் பங்காளி முறை, எனக்குக் கொழுந்தன்.

"அண்ணி, காத்து அடங்கிருச்சு. சனமும் வூட்டுக்குப் போவுணும்னு நிக்குது. ஆனா மேலேர்ந்து இன்னும் அனுப்பச் சொல்லி உத்தரவு வரல. ஒங்க வூட்டு விசேஷம், ஒரு வார்த்த சொல்லுங்க, அனுப்பிடுறேன்."

"நான் என்ன சொல்றது? மண்டபத்தக் கழுவி விடணும்னா பொழுது வேணுமில்ல?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். போகச் சொல் என்று சொல்லவில்லை. கழுவப் பொழுது வேண்டும் என்றேன். அது நியாயமான பேச்சுதானே.

தாமரை அங்கேயே நின்றிருந்தாள். "அந்தப் பச்சப்புள்ளய மட்டும் இன்னைக்கு ஒருநாள் இருக்கச் சொல்லும்மா" என்றாள். "உன் கல்யாணத்துக்குத்தான்டி நான் இந்தப் பாடு படுறேன்" என்றேன். இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தாய் படுகிற பாடு எங்கே தெரிகிறது?

எல்லோரும் போன பிறகு வேம்புதான் மண்டபத்தைக் கழுவினாள். ஆட்டுப் புழுக்கை, சிந்திய சோறு, ஈரச் சாக்கு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, பினாயில் ஊற்றி, மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். தன் மகள் படுத்திருந்த மூலையை இரண்டு தடவை தேய்த்தாள். "போதும் வேம்பு, தூறல் போட ஆரம்பிச்சிருச்சு, கிளம்பு" என்றேன். "இருங்கம்மா, மாப்புள வூட்டுக்காரங்க ஒரு சொல் சொல்லிரக் கூடாது" என்றாள். தரை கண்ணாடி மாதிரி ஆனது. அதன் மேல் நான் மாக்கோலம் போட்டேன். சீர்வரிசைப் பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் ஏற்றி வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

சம்பந்திக்கு நானே போன் போட்டேன். "மண்டபம் காலிங்க. கழுவியும் விட்டாச்சு." குரலில் ஒரு கம்பீரம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 23, புதன்

எங்கே ஆரம்பிப்பது?

நேற்றுச் சாயங்காலம் பிடித்த மழை விடவேயில்லை. காற்று ஒன்றும் இல்லை. ஒரு மட்டை விழவில்லை. எங்கள் வீடு மணல்மேட்டில் இருக்கிறது, விழுகிற தண்ணீரை மணல் குடித்துவிடும். நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். நான் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

காலையில் கரண்ட் இல்லை, போன் இல்லை. டவர் செத்துப்போயிருந்தது. நன்றாக விடிந்த பிறகு சிங்காரவேலு டிராக்டரில் வந்து இறங்கினார். இடுப்பு வரை சேறு.

"அண்ணி, சாவி! கீழத்தெரு பூரா தண்ணி. கடல் வாய அடைச்சுக்கிச்சு, வடிகால் எதுத்துக்கிட்டு ஊருக்குள்ள வந்துருச்சு. சனம் இருட்டோட இருட்டாப் புயல் கட்டடத்துக்குத்தான் ஓடியிருக்கு. பூட்டிக் கெடக்கு!"

"ஏன், யாராவது வந்து கேக்கக் கூடாதா?"

"எப்புடி வருவாங்க? நம்ம பக்கம் வர்ற மதகுப் பாலத்து மேல ராத்திரி ஆள் முங்குற தண்ணி. கொஞ்சம் வடிஞ்ச பொறவும் இந்த டிராக்டரே மெதந்துல்ல வந்துது."

நான் கழுவ வேண்டும் என்றுதான் சொன்னேன். பூட்ட வேண்டும் என்றா சொன்னேன்? பூட்டினேன்தான். சீர்வரிசை உள்ளே இருந்தது. யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள்.

டிராக்டரில் போனோம். கட்டடத்துக்கு வெளியே இருக்கிற அந்தத் திறந்த படிக்கட்டில், அடி முதல் தலை வரை ஆட்கள். படிக்கு மூன்று நான்கு பேராக நெருக்கிக்கொண்டு, தலையில் சாக்கையும் தட்டையும் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். கொக்கியில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்து, அதற்கடியில் குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்கள். என் மகள் படமும் மாப்பிள்ளை படமும் பிள்ளைகள் தலைக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தன. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழிதான் விட்டார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

கதவைத் திறந்தேன். எல்லோரும் கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாகவே உள்ளே போனார்கள். வேம்பைக் காணவில்லை.

"வேம்பு வூட்டுச் செவுரு சாஞ்சிருச்சு" என்றாள் ஒருத்தி. "மாசிலாமணிக்குக் கால்ல விழுந்துருச்சு. எலும்பு முறிஞ்சிருக்கும்போல. வேற டிராக்டர்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. வேம்பு இங்க வந்து பாத்துட்டு, பூட்டியிருக்கவும், புள்ளைய எடுத்துக்கிட்டு சத்துணவுக்கூடத்துக்குப் போயிருச்சு."

சத்துணவுக்கூடத்தின் இன்னொரு சாவி வேம்பிடம் இருக்கிறது. போனேன். கணுக்காலளவு தண்ணீர் உள்ளேயும் நின்றது. அரிசி மூட்டை அடுக்குகிற மேடையில் செல்வராணி சுருண்டு படுத்திருந்தாள். குழந்தையைப் பெரிய அண்டாவுக்குள் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நாங்கள் பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கிற அண்டா. வேம்பு அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். மண்சுவரை அள்ளிப் புருஷனை வெளியே எடுத்த கை. நகம் இரண்டு பெயர்ந்திருந்தது.

"வேம்பு, மண்டபத்தத் தெறந்துட்டேன். பிள்ளையத் தூக்கு, வா."

"இருக்கட்டுங்கம்மா."

"என்ன இருக்கட்டும்? புள்ள நடுங்குது."

"அடுப்பு பத்திக்கும்மா. இங்கயே இருந்துக்குறோம்."

"ஏன், அங்க வந்தா என்ன?"

வேம்பு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல்தான்.

"கழுவி வச்சிருக்குல்லம்மா. சேத்துக்காலோட வந்தா அழுக்காயிரும்."

ஏதோ கத்தினேன். நான் செய்த உதவிகளையெல்லாம் சொன்னேன் என்று நினைக்கிறேன். செல்வராணி மெதுவாக அழ ஆரம்பித்தாள். அங்கிருந்து வந்துவிட்டேன். பிறகு தாமரை போனாள், கம்பளியும் பாலும் எடுத்துக்கொண்டு. திரும்பி வரவில்லை. இருட்டுவதற்குள் இவரைத்தான் அனுப்பி அழைத்துவரச் சொன்னேன்.

இதை எழுதுகிறபோது ரேடியோ பாடுகிறது. புயல் வலுவிழந்து, பெரிய பாதிப்பு ஏதுமின்றிக் கரையைக் கடந்ததாம்.

நவம்பர் 24, வியாழன். சாயங்காலம்

கல்யாணம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்.

மழை விட்டு வெயில் அடித்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. தண்ணீர் பாதி வடிந்தது. சம்பந்தி வீட்டார் சுற்றுப் பாதையில் வேனில் வந்து இறங்கினார்கள். எண்பது பேர் என்றவர், இருபது பேரோடு வந்தார். மேலே ஏறினார், கீழத்தெரு முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், இறங்கினார்.

"என்னங்க இது? காலின்னு சொன்னீங்க, கழுவியாச்சுன்னு சொன்னீங்க. இவங்களோட பந்தியில எங்க சனம் எப்படிங்க ஒக்காரும்?"

இத்தனை நாள் தேக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. "இது அவங்களுக்குக் கட்டுன கட்டடம்ங்க. நாமதான் இரவல் வாங்கியிருக்கோம். ஒக்கார முடிஞ்சவங்க ஒக்காருங்க, முடியாதவங்க வேன்ல ஒக்காந்துக்குங்க. எலை அங்கயே வரும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. மாப்பிள்ளை கவியரசன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெரியவருக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். தேவலாம். இந்தப் பையன் தேறுவான்.

அதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. ஐயர் பெண்ணை அழைத்துவரச் சொல்கிறார். தாமரை அலங்காரத்தோடு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

"வேம்பக்கா வராம நான் மணையில ஒக்கார மாட்டேன்."

"முகூர்த்தம் தப்பிடும்டி!"

"தப்பட்டும். நீ போய்க் கூப்புடு. அப்பா கூடாது, நீதான் கூப்புடணும்."

ஒரு அறை விட்டிருப்பேன். கையில் மருதாணி, தலையில் பூ. பெற்ற தாயை முகூர்த்த நேரத்தில் இப்படி நிறுத்துகிறவளை என்ன செய்வது? இவர் என்னைப் பார்த்தார். சிங்காரவேலு வேறு பக்கம் பார்த்தார். ஊரே பார்த்தது.

போனேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் நடந்தேன். முழங்கால் வரை இறங்கியது. சத்துணவுக்கூடத்து வாசலில் வேம்பு குழந்தைக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வேம்பு, என் காலப் பாரு" என்றேன்.

பார்த்தாள்.

"இதே காலோட மேல போறேன். அந்தக் கோலத்து மேல நடக்கப் போறேன். மணவறை வரைக்கும் போவேன். அழுக்கானாத்தான் வருவேன்னா, இதோ அழுக்காக்கிட்டு நிக்கிறேன். அதுக்கப்புறமும் வரமாட்டியா, சொல்லு."

அவள் வாயைத் திறக்கும் முன்னே திரும்பி நடந்தேன். பதில் கேட்க எனக்குத் தைரியம், இல்லை, நேரம் இல்லை. படி ஏறினேன். கூடத்தின் நடுவே, நானே போட்ட மாக்கோலத்தின் மேல், சேற்றுக்காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். சம்பந்தியம்மாள் "ஐயையோ" என்றார்கள். கீழத்தெருப் பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் போய், அந்தச் சேற்றோடு நின்றேன்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

வேம்பு வந்தாள். கையில் குழந்தை, பின்னால் செல்வராணி. தாமரை எழுந்து மணைக்கு வந்தாள். மேளம் முழங்கியது, தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். எங்கள் ஆளும், அவர்கள் ஆளும், கீழத்தெருவும். வேம்பும் போட்டாள். பந்தியில் இலை எடுக்கப் போனவளை நான் பிடித்து உட்கார வைத்துப் பரிமாறினேன். சாப்பிட்டாள். பாயசம் இன்னும் கொஞ்சம் என்றபோது, போதும்மா என்றாள். எல்லாம் மரியாதையாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்றை நான் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை, மணவறைக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். வேம்பு படிக்கட்டு அடியில் குழந்தையைச் செல்வராணியிடம் கொடுத்துவிட்டு, அங்கே இருந்த வாளித் தண்ணீரை மொண்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, காலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டுதான் மேலே ஏறி வந்தாள்.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்று எழுத மாட்டேன்.